கியா பார்மின் வைரமுதுகுப் பூச்சி

பஹாங் மாநிலத்துக் கேமரன் மலையில், பிரிஞ்சாங் பட்டணத்தைத் தாண்டி மேலேறும் சாலையின்மேல் அமைந்த கியா பார்ம் என்னும் சந்தையூருக்கு வருகின்ற யாத்திரிகர்களில் பலர், விடுமுறை நாட்களில் நத்தையாய் ஊர்கிற வண்டி வரிசையைப் பொறுத்திருந்து, ஸ்ட்ராபெரியும் சோளக்கதிரும் தேனும் வாங்கி முடித்த பின்னர், கட்டணம் செலுத்திப் பட்டாம்பூச்சிப் பண்ணைக்குள்ளும் ஒரு சுற்றுச் சுற்றி வருவது வழக்கம். அங்கே அவர்களுடைய கண்ணைப் பறிப்பது, சரவாக்கை ஆண்ட ஜேம்ஸ் புரூக்கின் பெயரை 1855இல் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் சூட்டிய ராஜா புரூக் என்னும் பேரழகி. கன்னங்கரேலென்ற சிறகின் குறுக்கே மரகதப் பச்சை தீட்டிய அந்தப் பூச்சியின் முன்னே நின்று படம் பிடித்துக்கொள்ளாதவர் அரியர். அதே நேரத்தில், பண்ணைக்கு வெளியே படிக்கட்டுப் படிக்கட்டாக இறங்குகின்ற கோசுப் பாத்திகளில், எவரும் காசு கொடுத்துப் பார்க்க விரும்பாத, பார்த்தாலும் தூசியென்று தட்டிவிடக்கூடிய இன்னொரு பூச்சி இலையடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மனித சமூகத்தின் செல்வத்தையும் சரித்திரத்தையும் கொண்டு அளப்பதானால், ராஜா புரூக்கைக் காட்டிலும் ஆயிரம் மடங்கு பிரசித்தி பெறவேண்டியது இந்த இரண்டாவது பூச்சியே என்பது என் அபிப்பிராயம்.

வைரமுதுகு அந்துப்பூச்சி என்று தமிழ்நாட்டு விவசாயத் துறையினர் இதனைக் குறிப்பிடுகிறார்கள். ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1758ஆம் ஆண்டிலேயே இதற்குச் சாஸ்திரப் பெயர் ஒன்றைத் தந்துவிட்டார். இன்று வழங்கும் முழுப்பெயர் புளுட்டெல்லா சைலோஸ்டெல்லா. உடலின் நீளம் எட்டு மில்லிமீட்டருக்கு மேற்படாது. சிறகுகளை விரித்துவைத்து அளந்தாலும் 15 மில்லிமீட்டர் அளவில் நின்றுவிடும். சாம்பல் கலந்த பழுப்பு நிறம் கொண்ட இந்தப் பிராணி, உணர்கொம்புகளை முன்னே நீட்டி, சிறகுகளை முதுகின்மேல் ஒடுக்கி அமரும்போது, இரு முன்சிறகுகளின் ஓரத்திலும் ஓடுகின்ற வெளிறிய அலைக்கோடுகள் நடுமுதுகில் ஒன்றையொன்று சந்தித்து, மூன்று வைரக்கற்களை வரிசையாகப் பதித்தாற்போன்ற ஓர் உருவத்தை உண்டாக்குகின்றன. இந்த ஆபரணம் ஆணிடத்தில் தெளிவாகவும் பெண்ணிடத்தில் சற்று மங்கியும் காணப்படும்.

கேமரன் மலையென்றால் நம்மவர் மனத்தில் முதலில் தோன்றுவது தேயிலைதான். 1929இல் ரஸ்ஸல் என்பவர் தொடங்கிய போ நிறுவனத்தின் தோட்டங்களும், புளூ வேலி முதலிய பிற தோட்டங்களும், தமிழ்த் தொழிலாளர் பலரது கைகளால் நட்டும் கொய்தும் உருவானவை; இன்றும் சுங்கை பாலாஸ் சரிவுகளில் நின்று நோக்கினால், மலை முழுவதையும் பச்சைக் கம்பளத்தால் போர்த்திவிட்டதாகவே தோன்றும். அந்தப் பச்சை முடிந்து, கியா பார்மின் காய்கறிப் பாத்திகள் ஆரம்பமாகிற எல்லைக்கோட்டை, வைரமுதுகுப் பூச்சி நம்மைவிடத் தெளிவாக அறிந்திருக்கிறது. தேயிலையின்மேல் அது முட்டையிடுவதில்லை. பசியால் மடிய நேர்ந்தாலும் அதன் புழு தேயிலையைத் தின்பதில்லை. ஒரே காற்று, ஒரே மழை, ஒரே மண். ஆயினும் வேலியின் இப்பால் அந்தப் பூச்சிக்குப் பாலைவனம், அப்பால் அட்சயபாத்திரம். இதன் காரணத்தை அறிய நாம் சமையலறைக்குத்தான் போகவேண்டும்.

கடுகை முழுதாக எண்ணெயில் இட்டு வெடிக்கவிட்டால் அதில் காரம் இருப்பதில்லை. அதே கடுகைப் பச்சையாக நீர்விட்டு அரைத்தால் மூக்கைத் துளைக்கும் நெடி எழுகிறது. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த செடிகள் அனைத்தும், அதாவது முட்டைக்கோசும் காலிபிளவரும் முள்ளங்கியும், மலாய்க்காரர் சாவி என்கின்ற கீரையும், தம் இலைகளில் குளுக்கோசினோலேட் என்னும் கந்தகச் சேர்மங்களை ஒரு புறமும், மைரோசினேஸ் என்னும் நொதியை வேறு உயிரணுக்களில் மற்றொரு புறமுமாகப் பிரித்து வைத்திருக்கின்றன. தனித்தனியே இருக்கும்வரை இரண்டும் சாது. இலையைக் கடித்து நசுக்கும்போது இரண்டும் கலந்து, கடுகெண்ணெயின் காரத்திற்குக் காரணமான விஷப்பொருள் அந்தக் கணத்திலேயே உற்பத்தியாகிறது. சூடான எண்ணெய் அந்த நொதியைக் கொன்றுவிடுவதனால்தான் தாளித்த கடுகு காரமற்றுப் போகிறது. பிரகிருதி செய்து வைத்த இந்தக் கண்ணிவெடியை மிதித்து மடியாத பூச்சிகள் வெகு சில.

வைரமுதுகின் புழு மடிவதில்லை. வெடி வெடிக்குமுன்பே அதன் மருந்தை எடுத்துவிடுகின்ற உபாயம் அதனிடம் இருக்கிறது என்று 2002இல் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். புழுவின் குடலிலே சல்பட்டேஸ் என்னும் நொதி ஒன்று சுரக்கிறது. குளுக்கோசினோலேட்டின் சல்பேட் பகுதியை அது கத்தரித்துவிடுகிறது. அவ்வாறு கத்தரிக்கப்பட்ட பொருளைச் செடியின் நொதி தீண்டமுடியாமற் போகவே, விஷம் பிறப்பதே இல்லை. இதனினும் விநோதமானது தாய்ப்பூச்சியின் நடத்தை. ஏனைய பூச்சிகளை விரட்டுவதற்கென்று செடி தயாரித்த அந்தக் காரநெடியையே அடையாளமாகக் கொண்டு அது இருட்டில் கோசுப் பாத்தியைத் தேடி வந்து, இலையை உணர்கொம்பால் தடவிச் சுவை பார்த்து, இதுதான் என் குழந்தைகளுக்கு உகந்த இடம் என்று நிச்சயித்துக்கொண்ட பிறகே முட்டையிடுகிறது. பகைவனை எச்சரிக்க அடித்த முரசு, விருந்தாளிக்கு அழைப்பாகிவிட்டது.

முட்டை அரை மில்லிமீட்டருக்கும் குறைந்தது, மஞ்சள் நிறமானது, நரம்பின் ஓரத்துப் பள்ளங்களில் ஒன்றொன்றாகவோ சிறு கூட்டமாகவோ வைக்கப்படுவது. ஒரு தாய் தன் இரண்டு வார ஆயுளில் இருநூறு முட்டைகள்வரை இடும். பொரித்த குஞ்சுப்புழு முதலில் இலைக்குள்ளேயே சுரங்கம் தோண்டிப் புகுந்துவிடும். முதல் தோலுரிப்புக்குப் பின் வெளியே வந்து, இலையின் அடிப்புறத்திலிருந்து மேய ஆரம்பிக்கிறது. மேல்தோலை மட்டும் தின்னாமல் விட்டுவிடுவதால் இலையில் கண்ணாடி ஜன்னல்கள் போட்டாற்போல் ஒளிபுகும் புள்ளிகள் தோன்றும். நன்கு வளர்ந்த புழுவும் ஒரு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டுமே ஒழிய அதற்கு மேல் பெருக்காது. தொட்டால் துடிதுடித்துப் பின்வாங்கி, இலை விளிம்பிலிருந்து ஒரு பட்டிழையில் தொங்கி விழுந்து, ஆபத்து நீங்கியதும் அந்த இழையைப் பற்றியே மேலேறி வந்துவிடுகின்ற சாமர்த்தியம் அதற்கு உண்டு. கடைசியில், உள்ளே இருக்கும் கூட்டுப்புழு தெளிவாகத் தெரிகின்ற, மெல்லிய வெள்ளை வலையான ஒரு கூட்டை இலைமேல் நெய்துகொள்கிறது. கியா பார்மைப் போன்று பகலில் இருபது டிகிரியைச் சற்றே கடந்தும் இரவில் பதினைந்தை ஒட்டியும் நிற்கின்ற சீதோஷ்ணத்தில், முட்டையிலிருந்து பூச்சியாக ஏறக்குறைய நான்கு வாரம் ஆகலாம். ஆகவே ஆண்டொன்றிற்குப் பன்னிரண்டு தலைமுறைகள் வரையில் எதிர்பார்க்கலாம். பனிக்காலமும் இல்லை, கோசு இல்லாத மாதமும் இல்லை என்னும்போது இந்த வம்சவிருத்திக்கு இடையூறு ஏது?

இவ்வளவு சிறிய பூச்சி எவ்வளவு தூரம் பிரயாணம் செய்யும் என்ற கேள்விக்கு, பாத்தியில் அதன் பறப்பைப் பார்ப்பவர், சில மீட்டர் தாவித் தாவி விழுவதைக் கண்டு ஏளனமாகவே விடை சொல்வார். ஆனால் காற்று தூக்கிக்கொண்டு போனால் கதையே வேறு. 1958ஆம் ஆண்டுக் கோடையில் வடகடலைக் கடந்து பிரிட்டனின் கிழக்குக் கரையில் கோடிக்கணக்கில் இறங்கி விவசாயிகளைத் திகைக்க வைத்தது இந்தப் பூச்சிதான்; 1978இல் மரமே வளராத ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டில்கூட அது வந்திறங்கியதைப் பதிவு செய்திருக்கிறார்கள். கடுங்குளிரில் அது பிழைப்பதில்லை. அப்படியிருந்தும் ஆண்டுதோறும் குளிர்நாடுகளை நோக்கித் தூதனுப்பிக்கொண்டே இருக்கிறது. இதன் ஆதி ஜன்மபூமி மத்தியதரைக் கடற்கரை என்று ஒரு காலத்தில் எண்ணினார்கள். தென்னாப்பிரிக்கா என்றும் சீனா என்றும் பின்னர் வாதித்தார்கள். 2020இல் உலகெங்குமிருந்து திரட்டிய பூச்சிகளின் மரபணுக்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு, தென்னமெரிக்காவைச் சுட்டியது. இந்தியாவில் இதைப் பற்றிய ஆரம்பக் குறிப்பு, தென்னிந்தியப் பூச்சிகள் குறித்து 1914இல் பிளெட்சர் என்னும் அதிகாரி எழுதிய நூலில் இருக்கிறது. மலாயாவுக்கும் இது 1920களுக்குள் வந்து சேர்ந்துவிட்டது.

வந்து சேர்ந்தது ஒரு சங்கதி. கொடிய பகைவனானது வேறு சங்கதி. சுபாவத்தில் இது காட்டுக் கடுகுச்செடிகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வாழ்ந்து, மழையில் அடிபட்டு, சிலந்திக்கும் குளவிக்கும் இரையாகி, எஞ்சியது மட்டும் வம்சத்தை நடத்தி வந்த சாதாரண ஜீவராசி. அதற்கு மலைச்சரிவு முழுவதும் ஒரே வகைச் செடியை நட்டு, பன்னிரண்டு மாதமும் அறுவடை செய்துகொண்டே, அறுத்த பாத்திக்கு அருகிலேயே புதிய நாற்றையும் ஊன்றி வைத்தவன் மனிதன். அதைவிடப் பெரிய உபகாரம் ஒன்றையும் அவன் செய்தான்: அதன் பகைவர்களைக் கொன்று கொடுத்தான்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்தவுடன் டி.டி.டி. என்னும் விஷம் சர்வரோக நிவாரணியாக விவசாயத்தில் புகுந்தது. ஜாவா மலையிலுள்ள லெம்பாங்கில் அதைத் தெளித்து நெடுங்காலம் ஆகவில்லை. வைரமுதுகுப் புழு அதற்குச் சாவதை நிறுத்திக்கொண்டது. 1953இல் வெளியான அந்த ஆராய்ச்சிக் குறிப்பு, டி.டி.டி.யை வென்ற முதல் பயிர்ப்பூச்சி என்ற கீர்த்தியை இதற்குத் தேடித்தந்தது. கேமரன் மலைக் கோசில் எந்த மருந்து இதைக் கொல்லும் என்று சோதித்த ஹென்டர்சனின் கட்டுரை 1957இல் மலாயா விவசாயச் சஞ்சிகையில் வந்தது. அதன்பின் வந்த சரித்திரம் முழுவதும் ஒரே தாளத்தில் நடக்கிறது. புதிய மருந்து வரும். முதலிரண்டு பருவம் பாத்தி சுத்தமாக இருக்கும். மூன்றாம் பருவத்தில் புழு திரும்பும். விவசாயி அளவைக் கூட்டுவான். பிறகு இரண்டு மூன்று மருந்துகளைக் கலப்பான். வாரத்திற்கு ஒருமுறை அடித்ததை இருமுறை அடிப்பான். 1978இல் கேமரன் மலைப் புழுக்களைச் சோதித்தவர்கள், அவை பல மருந்துகளுக்கு எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்ததை வெளியிட்டார்கள். இதில் விவசாயியைக் குறைகூற எனக்கு மனம் வருவதில்லை. கோசில் ஒரு துளை இருந்தாலும் முகம் சுளித்து அடுத்த கடைக்குப் போகிறவர்கள் நாமல்லவா?

எதிர்ப்புச் சக்தி என்பதைப் புழு முயன்று பயின்ற வித்தை என்று கருதுவது பிழை. ஆயிரம் புழுக்களில் ஒன்றோ இரண்டோ பிறவியிலேயே சிறிது மாறுபட்ட அமைப்பைப் பெற்றிருக்கும். மருந்து மற்றவற்றையெல்லாம் துடைத்தெறிந்ததும், அந்த ஒன்றிரண்டே அடுத்த தலைமுறைக்குத் தாய்தந்தையராகும். ஆண்டிற்குப் பன்னிரண்டு தலைமுறை என்ற கணக்கில், மனிதர்களுக்கு நூற்றாண்டுகள் ஆகக்கூடிய மாறுதல் இங்கே ஒரு பள்ளிப்பிள்ளையின் படிப்பு முடிவதற்குள் நடந்தேறிவிடுகிறது. குளவிகளுக்கோ இந்தச் சலுகை அவ்வளவாகக் கிட்டவில்லை. இலைச்சாறோடு விஷத்தையும் செரித்துப் பழகிய புழு தப்பிய இடத்தில், புழுவைத் தேடி இலைமேல் நடந்த குளவி முதலில் செத்தது.

ஆதலால் 1970களின் பிற்பகுதியில் மலேசிய விவசாய விஞ்ஞானிகள் குளவிகளை வெளியிலிருந்தே தருவிக்க முடிவு செய்தார்கள். அவற்றுள் முதன்மையானது டயடெக்மா என்னும் மெல்லிய கருங்குளவி. இதன் யாத்திரை தேயிலையின் யாத்திரையைப் போலவே சாம்ராஜ்ய வழிகளில் நடந்தது: 1930களில் இங்கிலாந்திலிருந்து நியூஸிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கிருந்து 1950இல் ஜாவா மலைக்கு வந்து, பின்னர் கேமரன் மலைக்கும் குடியேறிற்று. கூடவே, கூட்டுப்புழுவைத் தாக்குகின்ற டயட்ரோமஸ் என்னும் மற்றொரு குளவியும் வந்து நிலைத்தது.

டயடெக்மாவின் வேட்டைமுறை, படிக்கின்றவர்க்குக் குரூரமாகவும் ஆராய்கின்றவர்க்கு ஆச்சரியமாகவும் இருக்கும். புழு கடித்த இலையிலிருந்து எழும் வாசனையே அதற்கு வழிகாட்டி. அருகில் வந்ததும் புழு வழக்கம்போல் இழையில் தொங்கித் தப்பிக்கப் பார்க்கும். குளவி அவசரப்படாமல் அந்த இழையின் அருகிலேயே காத்திருந்து, மேலேறி வரும்போது அதன் உடலில் ஊசியைச் செலுத்தி ஒரே ஒரு முட்டையை வைத்துவிடும். முட்டையோடு ஒருவகை வைரஸும் உள்ளே புகுத்தப்படுகிறது. அது புழுவின் உடற்காவலை முடக்கிவிடுவதால், அந்நியன் உள்ளே வளர்வது தெரியாமல் புழு தின்றுகொண்டும் வளர்ந்துகொண்டும் போகும். கூடு நெய்து முடிந்த தறுவாயில் உள்ளிருக்கும் குளவிக்குஞ்சு எஞ்சியதையும் தின்று வெளிவந்து, அந்த வெள்ளை வலைக்குள்ளேயே தனக்கென்று பழுப்பு நிறமான கெட்டிக்கூடு ஒன்றைக் கட்டிக்கொள்ளும். ஆகவே கோசு இலையைத் திருப்பிப் பார்த்து, வெள்ளை வலைக்குள் பச்சையாகப் பூச்சி தெரிகிறதா, பழுப்புப் பீப்பாய் தெரிகிறதா என்று எண்ணினாலே, அந்தப் பாத்தியில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பதை எவரும் கணித்துவிடலாம்.

வந்த உடனே அவை வெற்றி பெற்றுவிடவில்லை. விட்ட குளவிகளைச் சுற்றியிருந்த பாத்திகளின் மருந்து தொடர்ந்து மாய்த்துக்கொண்டிருந்தது. பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் நுண்ணுயிரிலிருந்து தயாராகும் மருந்தைக் கையாளத் தொடங்கி, பழைய விஷங்களைக் குறைத்த பின்னரே, 1980களின் இறுதியில் டயடெக்மா மலையெங்கும் பரவி, புழுக்களின் பிரதான பகைவனாக நின்றது. அந்த நுண்ணுயிரின் விசேஷம் என்னவென்றால், அதன் புரதம் புழுவின் காரத்தன்மையுள்ள குடலுக்குள் சென்றாலொழிய விஷமாவதில்லை. இலையைத் தின்னாமல் அதன்மேல் நடந்து மட்டும் செல்லும் குளவிக்கு அதனால் தீங்கில்லை. கேமரன் மலையில் குளவிகளின் பங்கைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து வெளியிட்டவர் பீட்டர் ஊய் என்னும் விஞ்ஞானி. இந்த வகை ஆராய்ச்சிக்கு ஒரு தலைகீழான சோதனை முறையும் உண்டு: குளவியை மட்டும் கொன்று புழுவைக் கொல்லாத மருந்தை ஒரு பாத்தியில் வேண்டுமென்றே அடிப்பது, அடித்த பாத்தியில் புழு மிகுந்தால், அந்த மிகுதியே குளவி இதுவரை செய்துவந்த ஊழியத்தின் அளவாகும். மருந்தடித்துப் புழுவை வளர்த்துக் காட்டுகின்ற இந்தச் சோதனையைக் கற்பனை செய்தவரின் குறும்பை நான் வெகுவாக ரசிக்கிறேன்.

நுண்ணுயிர் மருந்தும் நிரந்தர வரமாக அமையவில்லை. ஹவாய்த் தீவில் ஓயாமல் அதைத் தெளித்த தோட்டங்களில் வைரமுதுகு அதற்கும் எதிர்ப்புச் சக்தி பெற்றுவிட்டதாக 1990இல் அறிவித்தார்கள். மலேசியப் புழுக்களிலும் பிற்பாடு அதைக் கண்டார்கள். இந்த நூற்றாண்டில் வந்த டயமைடு என்னும் புத்தம்புதிய மருந்து, தாய்லாந்திலும் பிலிப்பைன்ஸிலும் ஐந்தாண்டுகூடத் தாங்கவில்லை. உலகம் முழுவதும் இந்த ஒரு பூச்சியால் ஏற்படும் சேதமும் அதை அடக்கும் செலவும் ஆண்டுக்கு 400 முதல் 500 கோடி அமெரிக்க டாலர் என்று 2012இல் மதிப்பிட்டிருக்கிறார்கள்.

மருந்தல்லாத யுக்திகளும் இல்லாமலில்லை. மழைக்காலங்களில் மலைப்பாத்திகளில் ஜூஃப்தோரா என்னும் பூஞ்சணம் புழுக்களைத் தாக்கிப் பஞ்சுத் துண்டுகளாக இலையில் ஒட்டவைத்துவிடும். 1990களில் மலேசியாவில் அதையே ஆயுதமாக்கிப் பார்த்தார்கள்: பெண்பூச்சியின் வாசனையைக் காட்டி ஆண்களைப் பொறிக்குள் வரவழைத்து, பூஞ்சண விதைகளை அவற்றின்மேல் படியச் செய்து, கொல்லாமல் வெளியே விட்டுவிடுவது, தான் போகிற பாத்தியெங்கும் அந்த ஆணே நோயைச் சுமந்து சென்று பரப்பும். பெங்களூருக்கு அருகே ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தார் கண்ட வழி இதைவிட எளியது. கோசு இருபத்தைந்து வரிசைக்கு ஒருமுறை கடுகை விதைத்து வைத்தால், தாய்ப்பூச்சி காரம் மிகுந்த கடுகையே நாடிப் போகிறது; மருந்தடிப்பதும் அந்த இடத்தோடு முடிந்துவிடும். ஐரோப்பாவில் பார்பரியா என்று ஒரு கடுகினச் செடி உண்டு. அதைக் கண்டால் தாய்ப்பூச்சி கோசை மறந்து அதில் முட்டையிடும், ஆனால் அந்த இலையிலுள்ள வேறொரு கசப்புப் பொருளால் பிறந்த குஞ்சுகள் பிழைப்பதில்லை. தாயின் ஞானமும் பிள்ளையின் வயிறும் இவ்வாறு முரண்படுவது சிருஷ்டியில் அபூர்வம்.

டயடெக்மாவுக்கும் ஒரு பலவீனம் இருக்கிறது. குளிர்ந்த நாட்டிலிருந்து வந்த அது உஷ்ணத்தைச் சகிக்காது. இருபத்தைந்து டிகிரிக்கு மேற்பட்ட வெயிலில் அதன் வம்சம் தேய்ந்துவிடும். நீலகிரியில் அதைக் கொண்டுவந்து விட்டபோது உதகை மலையில் நிலைத்ததன் ரகசியமும் இதுவே. கேமரன் மலையிலிருந்து தாப்பா வழியாகச் சமவெளிக்கு இறங்கினால், அங்கே கீரைப்பாத்திகளைக் காக்கும் பொறுப்பு, வெப்பத்தை விரும்புகின்ற கோட்டீசியா என்னும் வேறொரு சின்னஞ்சிறு குளவியைச் சேர்ந்துவிடுகிறது. மேலே கியா பார்மிலோ, அண்மைக் காலத்தில் பாத்திகளின்மேல் பிளாஸ்டிக் கூரைகள் பெருகி வருகின்றன. செடியைக் கனமழையிலிருந்து காப்பாற்றுவது அவற்றின் நோக்கம். குஞ்சுப்புழுவை அடித்துக்கொண்டு போகும் மழையையும் பூஞ்சணம் வளரத் தேவையான ஈரத்தையும் அவை எவ்வளவு தூரம் தடுக்கின்றன என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பின்பே, கூரையின் லாபநஷ்டத்தை நிர்ணயிக்கவேண்டும்.